துரை பங்களா ஜின்னும் நம் வீட்டு லீமாவ் கஸ்தூரியும்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுங்கை ரம்பாய் வெயில் சாயங்காலம் ஆனாலும் விடுவதில்லை. அந்த நேரத்தில் வீடு தேடி வருகிற விருந்தாளிக்கு ஜின்னை வெறுமனே ஊற்றிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. புளிப்பும் இனிப்பும் ஐஸும் சேர்ந்தால்தான் அதன் வாசனை எழும்.

தோட்டத்துத் தமிழனுக்கு ஜின் நெடுங்காலம் எட்டாத சரக்கு. துரை பங்களா வராந்தாவில் அங்கஸ்துரா கசப்புச் சாறு சில துளி விட்ட ஜின் பாஹிட், லயத்துக்குக் கள்ளுக்கடை. ஜின்னோடு துரைமார் கலந்து குடித்த டானிக் தண்ணீருக்கு லண்டனில் 1858-இல் காப்புரிமை பெற்றார்கள். அதன் கசப்பு கொய்னாவுடையது. மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்த நம் பாட்டன்மாருக்கு மருந்தென்று கொடுத்ததும் அதே கொய்னாதான். துரைக்கு அது மாலைப் பானத்தின் ருசியானது. இதை நான் மறக்க விரும்பவில்லை.

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் ஙியாம் தோங் பூன் 1915-இல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங்கும் ஜின் பானம்தான். ஆனால் அதற்குச் சாமான் அதிகம். நமக்கு வேண்டியது பாசாரிலேயே கிடைக்கிறது.

முதலில் பாகு. 100 கிராம் கூலா மலாக்காவைச் சீவி, 100 மில்லி தண்ணீரில் பாண்டான் இலை ஒன்றை முடிச்சிட்டுப் போட்டு, சிறு தீயில் கரையவிடுங்கள். அடியில் தூசி தங்கும், கட்டாயம் வடிகட்டுங்கள். நன்றாக ஆறட்டும்.

மூடியுள்ள போத்தலில் 45 மில்லி ஜின், நான்கைந்து லீமாவ் கஸ்தூரியின் சாறு, 15 மில்லி பாகு, கை நிறைய ஐஸ். போத்தலின் வெளிப்புறம் பனித்து விரல் விறைக்கும்வரை குலுக்குங்கள். பழத்தை முரட்டுத்தனமாகப் பிழியாதீர்கள்; கொட்டை நசுங்கினால் கசக்கும். உயரக் கிளாஸில் புது ஐஸ் போட்டு வடித்து, மேலே 90 மில்லி சோடா. சோடாவைக் குலுக்கக் கூடாது, வாயு போய்விடும். அடியில் ஓர் ஆசாம் போய் போட்டால் அதன் உப்பு மெல்லக் கரைந்து, கடைசி மிடறுதான் அதிக ருசியாக இருக்கும்.

இதே பானத்தை ஜின் இல்லாமலும் செய்யலாம். குடிக்காதவர் கையிலும் அதே கிளாஸ் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அளவுக் குவளை இல்லாமல் ஊற்றவே ஊற்றாதீர்கள். இனிப்பும் புளிப்பும் சாராயத்தின் காரத்தை மறைத்துவிடும். 45 மில்லி ஜின்னில் சுமார் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 2020-இல் திருத்திய மலேசியச் சாலைச் சட்டப்படி 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் குற்றம். மோட்டாரில் வந்தவருக்கு ஜின் இல்லாத கிளாஸைக் கொடுங்கள். சரக்கும் முத்திரையுள்ள போத்தலாக இருக்கட்டும். 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கு பலரின் உயிரைக் குடித்தது.

மீந்த பாகைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பிள்ளைகளுக்குச் செண்டோல் மேல் ஊற்றிக் கொடுக்கலாம்.