இரைச்சலை அடக்கும் மின்தேக்கி

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை ஒட்டி அமைந்துள்ளது ஆரியசாலை. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றன. நவராத்திரியின்போது குமரி மாவட்டத்து வேளிமலையிலிருந்து எழுந்தருளும் குமாரசுவாமி, ஆரியசாலை தேவி கோவிலில் வைத்து வழிபடப்படுகிறார். இசைக்குரிய அந்நாட்களில், தாமே செய்த ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக் கேட்க விரும்பும் மாணவர் காதில் முதலில் விழுவது சில வேளைகளில் பாட்டன்று. 'ம்ம்ம்' என்னும் இரைச்சலே. தம்புராவின் ஒலி வேண்டிச் சேர்க்கும் சுருதி. இதுவோ வேண்டாத சுருதி. இஃது எவ்வாறு தோன்றுகிறது?

வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டமாகும். அது நொடிக்கு 50 முறை அலைவுறுகிறது. மின்மாற்றி அதன் அழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. நான்கு டையோடுகள் சேர்ந்த சுற்று அதனை ஒரே திசையில் பாயச் செய்கிறது. ஆயினும் அது சீராக இருப்பதில்லை. நொடிக்கு 100 முறை உயர்ந்து தாழ்கிறது. அந்த ஏற்ற இறக்கமே ஸ்பீக்கரில் இரைச்சலாக ஒலிக்கிறது.

இதனைச் சமன்செய்வது மின்தேக்கி. கடைகளில் இதனைக் 'கப்பாசிட்டர்' என்பர். குழாயில் விட்டு விட்டு வரும் நீரை மாடித் தொட்டியில் நிரப்பினால், வீட்டினுள் நீர் தடையின்றி வரும். மின்தேக்கியும் அத்தகைய தொட்டியே. மின்னழுத்தம் உயரும்போது அது நிரம்புகிறது. தாழும்போது தன்னிடமுள்ளதைக் கொடுக்கிறது.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும்? ஆம்ப்ளிஃபயர் 1 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகக் கொள்வோம். 1000 மைக்ரோஃபாரடு மின்தேக்கியை இட்டால், அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 வோல்ட் வரை சரியக்கூடும். 4700 இட்டால் சரிவு ஏறத்தாழ 2 வோல்ட். 10000 இட்டால் 1 வோல்ட். எனினும், அளவு பெருகப் பெருக நன்மையே என்று எண்ணுதல் கூடாது. மிகப் பெரிய மின்தேக்கி, மின்விசையைப் போட்ட கணத்தில் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்து டையோடுகளைக் கெடுத்துவிடலாம்.

அடுத்துக் கருத வேண்டியது தாங்கும் அழுத்தம். 12 வோல்ட் மின்மாற்றிக்கு 16 வோல்ட் மின்தேக்கி போதும் என்று பலர் எண்ணுவர். அது தவறு. மாறுதிசை மின்னோட்டத்தின் உச்சம் 12 வோல்ட்டைப்போல் 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். டையோடுகளில் சிறிது குறைந்தாலும், பாட்டு ஒலிக்காதபோது அழுத்தம் மீண்டும் உயரும். ஆகவே 25 வோல்ட் தாங்கும் மின்தேக்கியே ஏற்றது.

மின்பகு மின்தேக்கியின் உடலில் காணப்படும் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். முனைகளை மாற்றி இணைத்தால் அது சூடேறி வெடிக்கவும் கூடும். வெப்பமான பெட்டிக்குள் 85 பாகை செல்சியசைவிட 105 பாகை எனக் குறிக்கப்பட்டதே நெடுநாள் உழைக்கும். மேற்புறம் உப்பிய பழைய மின்தேக்கியை மீண்டும் பயன்படுத்தலாகாது.

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1973ஆம் ஆண்டில் கேரள அரசு தொடங்கிய நிறுவனம் கெல்ட்ரான். அதன் துணை நிறுவனம் கண்ணூர் மாவட்டத்தில் இவ்வகை மின்தேக்கிகளைச் செய்து வருகிறது.

மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உடனே தொடுதல் கூடாது. 230 வோல்ட் பகுதியை விவரமறிந்த பெரியவரே இணைத்தல் வேண்டும். அளவும் முனையும் அறிந்து இணைத்த மின்தேக்கி தன் பணியைச் செய்யும்போது, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அமைதி மட்டுமே கேட்கும்.

பயிற்சி

1. மின்தேக்கி நீர்த்தொட்டிக்கு ஒப்பிடப்படுவது ஏன்?
2. 12 வோல்ட் மின்மாற்றிக்கு 25 வோல்ட் மின்தேக்கி வேண்டும் என்பதை விளக்குக.
3. மின்னோட்டம் 2 ஆம்பியரானால், 10000 மைக்ரோஃபாரடு மின்தேக்கியில் அழுத்தம் எவ்வளவு சரியும்?