இலை உதிர்த்தால் பட்ட மரமா?

பாடாலூருக்குக் கிழக்கே சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். 18 மீட்டர் நீளம். கடல் இந்தப் பக்கம்வரை பரவியிருந்த காலத்தில் அதில் புதைந்து கல்லாகிப்போன மரம் அது. 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். செத்த மரத்துக்குக் கம்பிவேலியும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. பச்சைமலை அடிவாரத்திலும் சுற்றியுள்ள காப்புக்காடுகளிலும் உயிரோடு நிற்கும் உசில மரத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மாசி, பங்குனியில் அது குச்சியாக நிற்கும். வெட்டுக்குக்கூட ஆகாத பட்ட மரம் என்று தோன்றும். அப்படிக் காய்ந்து நிற்பதுதான் அது பிழைக்கும் வழி.

பெரம்பலூர் வட்டாரத்தில் மழையின் பெரும்பகுதி ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தபின் மரம் இருக்கிற ஈரத்தில்தான் காலம் தள்ள வேண்டும். வேரிலிருந்து உச்சிவரை மெல்லிய குழாய்களில் நீர் ஓர் இழையாக இழுபட்டு ஏறுகிறது. இழுப்பது இலையிலிருந்து வெளியேறும் நீராவி. மண் காய்ந்தபின்னும் இலை இழுத்துக்கொண்டே இருந்தால் இழை அறுந்து குழாய்க்குள் காற்று புகும். அந்தக் குழாய் அதோடு பயனற்றுப்போகும். இலையைக் கொட்டிவிட்டால் இழுப்பவனே இல்லை. உசிலின் சிற்றிலைகள் புளிய இலையைவிடச் சிறியவை, இரவில் மடிந்துகொள்பவை. உதிர்ப்பதில் மரத்துக்குப் பெரிய நட்டமில்லை. தென்னிந்தியக் காடுகளில் ஓக் இனம் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் வறண்ட குன்றுகளில் நிற்கும் நீல ஓக்கும் கடும் வறட்சி ஆண்டில் பருவத்துக்கு முன்பே இலையைக் கொட்டிவிடுகிறது. உறவே இல்லாத இரண்டு மரங்கள் ஒரே கணக்கைப் போட்டிருக்கின்றன.

இந்த உசில் காட்டை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பதை மறுப்பவர்களிடமும் நியாயம் உண்டு. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968-இல் முட்புதர்க் காட்டைச் சிதைந்த காட்டின் ஒரு கட்டமாகவே வைத்தார்கள். தேசியத் தொலையுணர்வு மையத்தின் தரிசுநில வரைபடத்திலும் புதர்நிலம் ஒரு வகைத் தரிசு. விறகுக்கும் தழைக்கும் வெட்டி, ஆடு மேய்த்துக் குட்டையாகிப்போன உசில்கள் இங்கே நிறைய உண்டு என்பது உண்மைதான். ஆனால் சிதைந்தது என்றால் அடியில் மீள்வதற்கு ஏதோ மிஞ்சியிருக்கிறது என்றும் பொருள். வெட்டிய உசில் அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும். அதில் உட்காரும் பறவைகள் எச்சமிட்டுக் களாவும் சூரையும் காரையும் முளைக்கும். (பாடாலூர் அருகே காரை என்று ஓர் ஊரே இருக்கிறது, அது இந்த முட்செடியின் பெயரும்தான்.) தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்து வருவது புல்டோசர், அது அடிக்கட்டையையும் சேர்த்துப் பெயர்த்துவிடும்.

வேகமாக வளர்வதை நட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. 1870-களில் சென்னை மாகாணத்துக்குச் சீமைக்கருவேலம் வந்தது இந்த நியாயத்தோடுதான். விறகு கிடைத்தது, மறுக்க முடியாது. ஏழை வீட்டு அடுப்பைப் பல காலம் எரித்ததே அதுதான். ஆனால் கோடையிலும் பச்சையாக நிற்கும் மரம் கோடையிலும் நீரை இழுக்கிறது. அதன் புதருக்கடியில் மற்ற செடிகள் எழும்புவதும் அரிது. சொந்த நிலத்தில் ஐந்தாண்டில் பணம் பார்க்க வேண்டிய விவசாயிக்கு உசிலை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் வளர்ச்சி மெதுவானது. காப்புக்காட்டுக்கு அந்த அவசரம் கிடையாது.

பயனில்லை என்பவர்கள் வீட்டுக் குளியலறையைப் பார்த்தால் போதும். எண்ணெய் தேய்த்த தலைக்குப் போடும் அரப்புத்தூள் உசில் இலையைக் காயவைத்து இடித்ததுதான். இலையிலுள்ள சபோனின் நுரைத்து எண்ணெயை எடுக்கிறது. ஷாம்பு வந்தபின்னும் நாட்டுமருந்துக் கடையில் அது விற்கிறது. வாங்குகிறவர்களில் பலருக்கு, சித்திரையில் வெளிர்மஞ்சள் பூவோடு துளிர்க்கும் அந்த மரத்தைக் காட்டினால் அடையாளம் தெரியாது.