மஞ்சள் விளைந்தது, விலை?

பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டும்போது, அது எந்த மண்ணில் விளைந்தது, யார் வெட்டியது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. கடைத்தெருவில் இலையும் கிழங்குமாய்க் குவித்து வைத்திருக்கிறார்கள். பேரம் பேசி இரண்டு கொத்து வாங்கி வருகிறோம். தாலிச் சரடு முதல் ரசம் வரையில் மஞ்சளில்லாமல் நமக்கு ஒரு காரியமும் நடவாது. ஆயினும் அதைப் பயிரிடும் குடியானவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாத விஷயம்.

சென்ற மாசி மாதத்தில் ஈரோடு ஜில்லாவில், கொடுமுடிக்கு அருகில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். காலிங்கராயன் வாய்க்கால் பாயும் பூமி அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய அந்த வாய்க்கால் பவானி நீரை இன்றும் கொண்டுவந்து கொட்டுகிறது. நமக்குப் பழக்கமான ஒரு குடியானவர் அங்கே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார். அதில் ஓர் ஏக்கர் மஞ்சள். களத்தில் வேக வைத்த கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனையை எழுத்தில் காட்ட முடியாது. மண்ணும் மருந்தும் கலந்தாற்போல் ஒரு நெடி.

மஞ்சள் பொறுமைசாலிகளின் பயிர். வைகாசியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டலாம். ஏறக்குறைய ஒன்பது மாதம் நிலம் அதற்கே அடைபட்டுக் கிடக்கும். ஏக்கருக்கு எழுநூறு, எண்ணூறு கிலோ விதைக் கிழங்கு வேண்டும். முதற் செலவே அதுதான். பிறகு களையெடுப்பு, மண் அணைப்பு, எரு, தண்ணீர். தண்ணீர் குறைந்தால் கிழங்கு பெருக்காது. தேங்கினாலோ கிழங்கழுகல் வந்து பாத்தி பாத்தியாகப் படுத்துவிடும். இடையில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? நம் கொங்கு நாட்டார் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். மஞ்சளோடு சின்ன வெங்காயத்தையும் ஊன்றி விடுகிறார்கள். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் போனால் வெங்காயம் கைக்கு வந்துவிடும். வாய்க்காலோரமாக ஆமணக்கும் நிற்கும். ஒரே பயிரை நம்பி உட்காராத இந்தப் புத்தியை எந்தக் கலாசாலையும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

வெட்டியதோடு வேலை தீர்ந்ததென்று எண்ண வேண்டாம். பச்சை மஞ்சள் பத்தாயிரம் கிலோ கிடைத்தால், வேக வைத்துக் காய வைத்த பிறகு தேறுவது இரண்டாயிரம் கிலோதான். முன்பெல்லாம் பெரிய இரும்புக் கொப்பரையில் தண்ணீர் விட்டு, மஞ்சள் தழையையே எரித்து வேக வைப்பார்கள். இப்போது நீராவிக் கொதிகலன் வண்டி களத்துக்கே வருகிறது. பதம் பார்ப்பது மட்டும் பழைய முறைதான். நுரை பொங்கி, மணம் எழும்பி, ஈர்க்குக் குச்சி கிழங்கில் தடையின்றி இறங்க வேண்டும். அதிகம் வெந்தால் நிறம் கெடும். குறைந்து வெந்தால் காய்ந்தபின் நொறுங்கும். பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயில். அதன்பின் உருளையில் போட்டு மெருகேற்றுதல். விரலி வேறு, கிழங்கு வேறாகப் பிரிக்க வேண்டும். மண்டியில் வியாபாரி ஒரு விரலியை எடுத்து முறித்து உள்நிறம் பார்ப்பார். ஒன்பது மாத உழைப்புக்குப் பரீட்சை அந்த ஒரு முறிப்பில் முடிந்துவிடுகிறது!

இனி விலைக்கு வருவோம். 2010-ஆம் வருஷக் கடைசியில் ஈரோட்டில் குவிண்டால் பதினாறாயிரம் ரூபாயைத் தாண்டிற்று. மஞ்சளைத் தங்கத்துக்கு ஒப்பிட்டுப் பேசினார்கள். கேட்க வேண்டுமா? நெல்லும் கரும்பும் போட்ட வயல்களிலெல்லாம் மஞ்சள் ஏறியது. 2012-இல் விலை நாலாயிரத்தைச் சுற்றி வந்து நின்றது. ஏக்கருக்கு இருபது குவிண்டால் என்று வைத்துக்கொண்டால், முன்னதில் மூன்று லட்சத்து இருபதினாயிரம்; பின்னதில் எண்பதினாயிரம். நிலம் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. 2023-இன் பிற்பகுதியிலும் 2024-லும் விலை மறுபடி ஏறிற்று. மத்திய சர்க்கார் ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களின் பட்டியலில் மஞ்சள் இல்லை. ஆகையால் கீழே விழும்போது தாங்கிப் பிடிக்கக் கை கிடையாது.

மஞ்சளுக்காக நம் தேசம் போராடாமல் இல்லை. 1995-இல் அமெரிக்காவில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கே ஒரு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்! நம் பாட்டிமார் கேட்டால் சிரித்திருப்பார்கள். நமது விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் பழைய ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்து வாதாடி, 1997-இல் அதை ரத்துச் செய்ய வைத்தது. 2019-இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது வணிகர்களும் கிடங்கு உரிமையாளர்களும் சேர்ந்த சங்கம். அதில் தவறில்லை, முயன்றவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் விளைவிப்பவர்களின் சங்கம் ஏன் முந்திக்கொள்ளவில்லை என்ற கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. 2023-இல் தேசிய மஞ்சள் வாரியம் அமைந்து, 2025 ஜனவரியில் துவக்கி வைக்கப்பட்டது. 2030-க்குள் நூறு கோடி டாலர் ஏற்றுமதி என்று இலக்கும் வைத்திருக்கிறார்கள். அந்த நூறு கோடியில் ஒன்றரை ஏக்கர்க்காரர் களத்துக்கு வந்து சேருவது எவ்வளவு என்பதையும் வாரியம் வருஷந்தோறும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

இவ்விடத்தில் மேகாலயத்தின் ஜயந்தியா மலைகளைச் சொல்லாமலிருக்க முடியாது. அங்கே லகாடாங் என்ற மஞ்சள் விளைகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற சத்து நம் ஈரோட்டு ரகத்தில் மூன்று, நான்கு சதவிகித அளவில் இருக்க, லகாடாங்கில் ஏறக்குறைய ஏழு சதவிகிதம் இருக்கிறது. மருந்துக்கும் சாயத்துக்கும் வாங்குகிறவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. சத்தைப் பார்த்து விலை கொடுக்கிறார்கள். இதை அந்த மலைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லி, நூற்றுக்கணக்கானவர்களை ஒன்று சேர்த்துப் பயிரிட வைத்தவர் ட்ரினிட்டி சாயூ. 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் ஒரு பள்ளி ஆசிரியை. இதைப் படித்தபோது நமக்குக் கொஞ்சம் பெருமையும் நிறைய வெட்கமும் உண்டாயின.

நம் பக்கத்திலும் அறிவுக்குப் பஞ்சமில்லை. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் தன் பெயரிலேயே ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. கோழிக்கோட்டிலுள்ள நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பிரதிபா ரகமும் இங்கே பரவியிருக்கிறது. முழுக் கிழங்கை ஊன்றாமல், ஒற்றைப் பரு உள்ள சிறு துண்டுகளைக் குழித்தட்டில் முளைக்க வைத்து நாற்றாக நடும் முறையால் விதைச் செலவு வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஒற்றை ஆள் கொதிகலனும் மெருகேற்றும் உருளையும் வாங்க முடியுமா? பத்து வீடு சேர்ந்தால் முடியும். நம் நண்பரின் ஊரில் பத்து வீடு சேருவதற்குள் பத்து வழக்கு வந்துவிடுகிறது என்பது வேறு கதை.

வீட்டிலுள்ள ஸ்திரீகளுக்கு ஒரு வார்த்தை. பளீரென்று மின்னும் பொடியைக் கண்டு மயங்க வேண்டாம். பங்களாதேஷத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயம் கலந்த சாயம் சேர்த்ததை 2019-இல் வெளியான ஆராய்ச்சி அம்பலப்படுத்தியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். மெருகு மங்கலான விரலியாக வாங்கி, வீட்டிலோ கண்ணெதிரே மில்லிலோ அரைத்துக்கொள்வது நல்லது. விளைவித்தவரிடமிருந்தே வாங்கக் கிடைத்தால் இன்னும் நல்லது.

நண்பரிடம், "விலை ஏறும் வரையில் சரக்கை வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டோம்.

"வெச்சிருக்கோணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா, வாத்தியாருங்க? ஆனி மாசம் புள்ளைக்குக் காலேஜுப் பணம் கட்டோணும். பொதிகலன் வண்டிக்காரருக்கு இப்பவே குடுக்கோணும். மஞ்ச காத்திருக்குமுங்க, கடங்காரரு காத்திருப்பாருங்களா?" என்றார்.

சரக்கு கெட்டுப் போவதில்லை. பதமாகக் காய வைத்த மஞ்சள் பல மாதம் தாங்கும். காத்திருக்க முடியாதது மனிதர்தான். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைகளை இருப்பு வைத்து, அதன் பேரில் கடன் வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் படிவத்தை நிரப்பிக்கொண்டு போய் நிற்கக் கூச்சம். படிவத்தை வாங்கி நாமே எழுதினோம். அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சர்வே எண்ணைச் சொன்னாள்.

மறுநாள் மொத்தச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கை மண்டிக்கு அனுப்பினார். மீதி மூட்டைகள் விற்பனைக் கூடத்துக் கிடங்கில் ஏறின. ரசீதை மடித்து மேல் துண்டின் முனையில் முடிந்துகொண்டு, "இனி விலை பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நடவுக்கு விதைக் கிழங்கு பொறுக்க உட்கார்ந்தார்.