கப்பல் ஏன் கரையேறியது?

நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் சரக்கோடு போனால் இந்தக் கதை இன்னும் காதில் விழும். கடைக்குக் கடை கதை மாறும்.

2006 டிசம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி ஏற்றிச் சென்ற ஜோர்தான் கப்பல் 'ஃபாரா 3' முல்லைத்தீவுக் கரையில் தட்டியது. இயந்திரம் பழுதானதில் தகராறில்லை. நங்கூரத்தைப் புலிகள் வெட்டிவிட்டார்கள் என்றது கப்பல் தரப்பு. கடல் கொந்தளிப்பில் ஒதுங்கியது, மாலுமிகளை நாங்களே காப்பாற்றினோம் என்றனர் புலிகள். மாலுமிகள் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டனர். அரிசி போய்ச் சேரவில்லை. பழுதில்லாத கப்பல் அந்த நேரத்தில் அந்தக் கடலில் நின்றிருக்காது என்பதே என் கணிப்பு.

மற்றவர்களுக்கு இது ஊர்க்கதை. சரக்குக்காரருக்கு அப்படியல்ல. அலை ஒதுக்கியதென்றால் சாதாரண கடல் காப்புறுதியில் கேட்கலாம். ஆயுதக்காரர் பிடித்ததென்றால் யுத்த ஆபத்துக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாதவர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

2021 மார்ச் 23இல் சுயெஸ் கால்வாயில் 'எவர் கிவன்' குறுக்கே சிக்கியபோதும் காற்றா, வேகமா, மாலுமியா என்றுதான் விவாதித்தார்கள். ஆறு நாளில் கப்பல் மிதந்தது. ஆனால் சரக்கு பழுதாகாதவர்களிடமும் மீட்புச் செலவில் பங்கு கேட்கப்பட்டது. 'ஜெனரல் அவரேஜ்' என்ற பழைய கடல் வழக்கம் அது. காப்புறுதி இல்லாதவர் கைக்காசில் பிணை வைத்தால்தான் பெட்டி கிடைக்கும்.

வட்டியும் சூதும் கலந்ததென்று காப்புறுதியை நம்மில் பலர் ஒதுக்குகிறோம், நியாயம்தான். அதற்குத்தான் தகாஃபுல் இருக்கிறது. அதிலும் யுத்த ஆபத்து சேர்ந்திருக்கிறதா என்று முகவரிடம் கேட்டுப் பாருங்கள்.