கறுப்புக்கொடிக்கு நடுவே திறந்த கம்பஸ்

வெள்ளவத்தையில் நான் சந்திக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பல்கலைக்கழகம் என்று சொல்வதில்லை, ‘கம்பஸ்’ என்கிறார்கள். 1974இல் சட்டப்படியும் அது அப்படித்தான். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாட்டுக்கு ஒரே பல்கலைக்கழகம். பேராதனை, கொழும்பு எல்லாம் அதன் வளாகங்கள். ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு தலைவர். யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி.

ஊடகக் கல்வி படித்த எனக்கு அவர் முதலில் அறிமுகமானது, கொழும்பில் ‘தினகரன்’ ஆசிரியராக இருந்தவர் என்ற வகையில்தான். பின்னர் பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் பெற்று, சங்க இலக்கியத்தைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். மார்க்சியர்.

அவர் பொறுப்பேற்ற காலம் கசப்பானது. 1971 தரப்படுத்தலில், மருத்துவம் படிக்க 400 புள்ளிகளில் தமிழ்மொழி மாணவருக்கு 250 தேவைப்பட்டது. சிங்களமொழி மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. தமிழ்க் கட்சிகள் கேட்டது திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகத்தை. தமிழாராய்ச்சி மாநாட்டு உயிரிழப்புகள் நடந்து ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. எனவே 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வளாகத்தைத் திறக்க வந்தபோது கறுப்புக்கொடியும் பகிஷ்கரிப்பும் காத்திருந்தன. பதவியை ஏற்ற கைலாசபதியை அரசின் ஆள் என்றார்கள்.

அந்தக் கோபம் நியாயமற்றதல்ல. ஒரு வளாகம் தரப்படுத்தலுக்குப் பரிகாரமாகாது. ஆனால் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில் வகுப்புகள் தொடங்கின. சிங்கள மாணவர்களும் வந்து படித்தார்கள். 1977 கலவரத்தோடு அவர்கள் தெற்கே போய்விட்டார்கள். கைலாசபதியின் தலைமைப் பதவியும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. 1982 டிசெம்பர் 6ஆம் திகதி கொழும்பில் அவர் காலமானார். வயது 49.

பிறகு நடந்ததை நாங்கள் அறிவோம். 1987 ஒக்டோபரில் இந்தியப் படை இறங்கியது அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில். 2001இல் பொங்கு தமிழ் எழுந்ததும் அதே வளவில். கறுப்புக்கொடி காட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள், அங்கேதான் போராடினார்கள்.

இன்று அங்கே ஒரு கலையரங்கம் கைலாசபதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய அரசியலை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் யார் திறந்து வைத்தார்கள் என்பதைவிட, திறந்த கதவால் யார் உள்ளே போனார்கள் என்பதே ஒரு நிறுவனத்தின் கதை என்று நான் நினைக்கிறேன். போரில் இத்தனையை இழந்த எங்களுக்கு, மிஞ்சிய நிறுவனங்கள் சில. அவற்றில் ஒன்று அது.