மொட்டை மாடியில சனி: ஏழரையும் ஆறு இன்ச் டெலஸ்கோப்பும்

பகல்ல கோட் எழுதி, ராத்திரி மொட்டை மாடியில கிரகம் பார்க்கிற ஆள் பேசுறேன். நிறைய பேர் கேட்ட கேள்வி இது: சென்னை மாதிரி வெளிச்சம் கொட்டுற ஊர்ல கிரகங்களைப் பார்க்க முடியுமா?

தாராளமா முடியும். தெருவிளக்கு வெளிச்சத்துல கரைஞ்சு போறது பால்வீதி, நெபுலா மாதிரி மங்கலான விஷயங்கள்தான். வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். அதுவும் சென்னை 13 டிகிரி அட்சரேகையில இருக்கு. அதனால கிரகங்கள் நமக்கு நல்ல உயரத்துக்கு வரும். 2018 வாக்குல லண்டன்காரங்களுக்கு சனி அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து போச்சு.

நம்ம எதிரி காத்து

மத்தியான வெயில்ல தார் ரோட்டுக்கு மேல காட்சி நெளியும்ல? டெலஸ்கோப்புலயும் அதேதான் நடக்கும். மொட்டை மாடி பகலெல்லாம் வாங்கின சூட்டை சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். நான் முதல் தடவை ஏழு மணிக்கு சனியைப் பார்த்தப்ப, தண்ணிக்கு அடியில கிடக்கிற காசு மாதிரி ஆடிச்சு. டெலஸ்கோப் டப்பான்னு முடிவு பண்ணி, அதை விக்க விளம்பரமே எழுதிட்டேன். அன்னைக்கு ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி பார்த்தா, வளையம் கத்தியால கீறின மாதிரி நிக்குது. விளம்பரத்தை அழிச்சுட்டேன்.

அதனால லேட்டா பாருங்க. டெலஸ்கோப்பை அரை மணி நேரம் முன்னாடியே வெளியில வைங்க. பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலாக பார்க்காதீங்க. நட்சத்திரங்கள் ரொம்ப மின்னினா அன்னைக்குப் பார்க்கிறது வீண்.

என்ன வாங்கலாம்?

பெட்டி மேல ‘525 மடங்கு’ன்னு போட்டிருந்தா நம்பாதீங்க. லென்ஸோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து இரண்டால பெருக்குங்க. அதுதான் உச்சவரம்பு. 60 மி.மீ. லென்ஸுக்கு 120 மடங்கு, அதுவும் காத்து ஒத்துழைச்சா. என்கிட்ட இருக்கிறது ஆறு இன்ச் டாப்சோனியன், குவியத் தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸ் போட்டா 48 மடங்கு. அதுலயே சனி வளையம் தெரியும்.

காசு இல்லையா? பைனாகுலரை கைப்பிடிச் சுவர்ல ஆடாம ஊன்றி வியாழனைப் பாருங்க. 1610-ல கலிலியோ பார்த்த நாலு நிலாக்கள் புள்ளியா தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: எந்தக் கருவியையும் சூரியன் பக்கம் திருப்பிடாதீங்க, கண் போயிடும்.

அம்மா பார்த்த சனி

போன வருஷம் எனக்கு வேலை போச்சு. என் ஜாதகத்துல ஏழரை நடக்குதுன்னு அம்மா சனிக்கிழமை தவறாம எள் தீபம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் சனியைப் பார்க்க மாடிக்குப் போனா, “கோயில்லயே நேரா நின்னு கும்பிடக் கூடாதும்பாங்க. நீ கண்ணாடி வெச்சுப் பார்க்கிறியேடா”ன்னு திட்டுவாங்க.

ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட வந்தவங்களை, “ஒரே ஒரு தடவைம்மா”ன்னு கெஞ்சி பார்க்க வெச்சேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கல. அப்புறம் கேட்டாங்க: “இதுக்கு யாருடா ஒட்டியாணம் போட்டு விட்டது?”

அப்போதான் ஏழரைக் கணக்கை சொன்னேன். சனி சூரியனை ஒரு சுற்று சுற்ற சுமார் 29.5 வருஷம். அதை 12 ராசிக்குப் பங்கு போட்டா ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை வருஷம். நம்ம ராசி, அதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு: மூணு இரண்டரை, ஏழரை. டெலஸ்கோப்பே இல்லாத காலத்துல, வெறும் கண்ணால வருஷக்கணக்கா பார்த்துக் குறிச்ச கணக்கு இது. என் வேலை போனதுக்கு சனி காரணம்னு நான் நம்பல. ஆனா அந்தப் பொறுமைக்கு என் சல்யூட்.

அம்மா இப்பவும் தீபம் போடுறாங்க. போட்டுட்டு, “இன்னைக்கு மேகம் இருக்காடா?”ன்னும் கேட்கிறாங்க.

2025 மார்ச்சுல வளையம் நமக்குப் பக்கவாட்டா திரும்பி வெறும் கோடா இளைச்சுது. 2030 வாக்குல நல்லா விரிஞ்சு நிக்கும். ஒல்லியா தெரிஞ்சா ஏமாறாதீங்க. ஸ்டெல்லேரியம் ஆப்புல சனி எங்க இருக்குன்னு பார்த்துட்டு, மாடிக்கு ஏறுங்க. தனியா போகாதீங்க, வீட்டுல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.