காட்டுக்கு எதற்கு முகக்கவசம்?

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. தூரம் ஓடுகிறது நீலகிரி மலை ரயில். 2005-ம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த ரயில் இது. வழியில் நிறையக் காடு உண்டு. பயன்படுத்திய முகக்கவசத்தை ஜன்னல் வழியே யாராவது வீசினால் என்ன ஆகும் தெரியுமா, குட்டீஸ்?

கொரோனா பரவிய 2020-ல் பலரும் அணிந்த நீல நிற முகக்கவசம் பார்க்கத் துணி போலவே இருக்கும். ஆனால், அது 'பாலிபுரொப்பிலீன்' என்ற பிளாஸ்டிக் இழை! வாழைப்பழத் தோல் போல மக்காது. வெயில் பட்டு, பொடிப் பொடி இழைகளாக உதிரும். மழை வந்தால் குன்னூர் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டு, பவானியில் கலந்துவிடும். காதில் மாட்டும் நாடா, பறவையின் காலில் சிக்கினால் அதனால் அவிழ்க்க முடியாது, பாவம்!

2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன வழி எளிதானது:

* வேறு யாரும் எடுத்து அணியாதபடி முகக்கவசத்தைக் கத்தரித்துவிட வேண்டும்.

* காகிதப் பையில் போட்டு, 72 மணி நேரம் தனியாக வைக்க வேண்டும்.

* பிறகு, உலர் குப்பையோடு சேர்க்கலாம்.

பஸ்சிலோ, ரயிலிலோ கழற்ற நேர்ந்தால், உள்பக்கமாக மடித்து, காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

அடுத்த முறை ஊட்டிக்குக் கிளம்பும்போது, உங்கள் பையில் ஒரு காகிதப் பையும் இருக்கட்டும்!